14 உணவுகளை நிறுத்தியும் வயிறு உப்புகிறது, இன்னும் எதை நிறுத்துவது?

காலைவெயில் கேட்டது:

வணக்கம். வயது 34. இரண்டு வருடமாகச் சாப்பிட்டால் வயிறு கல் மாதிரி உப்பிக்கொள்கிறது. சில நாள் வயிற்றுப்போக்கு, சில நாள் எதுவுமே போகாது. எல்லாவற்றுக்கும் உடலில் இருக்கும் அழற்சிதான் (இன்ஃப்ளமேஷன்) காரணம் என்று படித்துவிட்டு, எந்த உணவு ஒத்துக்காது என்று காட்டுவதாகச் சொல்லும் ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரத ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். பால், கோதுமை, முட்டை, தக்காளி, சோளம், பாதாம் என்று 14 உணவுகள் சிவப்புக் கட்டத்தில் வந்தன. மூன்று மாதமாக ஒன்றையும் தொடவில்லை. முதல் இரண்டு வாரம் நன்றாக இருந்தது, அப்புறம் பழைய கதைதான். எடை 6 கிலோ குறைந்துவிட்டது. காலையில் விரல் மூட்டுகளும் வலிக்கின்றன. இன்னும் எதை நிறுத்த வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கொடிமல்லி:

கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, மிளகாயையும் விட்டுப் பாருங்கள். தக்காளியோடு சேர்ந்த குடும்பம்தானே, மூட்டு வலியைக் கிளப்பும் என்கிறார்கள். நான் விட்ட பிறகு முட்டி வலி குறைந்தது.

நீலக்குடை:

காலைவெயில், தயவுசெய்து இனி எதையும் நிறுத்தாதீர்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் ஒன்பது வருடம் முன் நான் நின்றேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நாம் எல்லாவற்றையும் "ஒத்துக்காது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அதற்குள் குறைந்தது மூன்று சங்கதிகள் இருக்கின்றன. ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிடங்களிலேயே தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் என்று காட்டும், உயிருக்கே ஆபத்தாகலாம். சீலியாக் என்பது வேறு. கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள குளூட்டனைச் சாப்பிட்டால் உடல் தன் சிறுகுடலையே தாக்கும், சத்தை உறிஞ்சும், விரல் போன்ற நுண்ணிய குடல் நீட்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடும். இது நிஜமான அழற்சி. நூறில் ஏறக்குறைய ஒருவருக்கு இருக்கிறது, பலருக்கு அது தெரியவே தெரியாது.

மூன்றாவதுதான் சகிப்பின்மை. பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்க லாக்டேஸ் நொதி போதாவிட்டால், அந்தச் சர்க்கரை அப்படியே பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே பாக்டீரியா அதை நொதிக்க வைத்து வாயுவாக்குகிறது, சர்க்கரையும் தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கிறது. உப்புசம், வயிற்றுப்போக்கு இரண்டும் அதனால்தான். வேதனை நிஜம், ஆனால் குடல் சுவர் புண்ணாவதில்லை. வயிறு உப்புவதையும் வீக்கம் என்கிறோம், அழற்சியையும் வீக்கம் என்கிறோம். இந்தக் குழப்பத்தில்தான் நானும் நல்ல உணவையெல்லாம் விட்டேன்.

உங்கள் சிவப்புக் கட்டங்களைப் பற்றி: ஐஜிஜி பெரும்பாலும் நீங்கள் அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான் காட்டுகிறது. அடிக்கடி சாப்பிடுவதுதான் சிவப்பில் வரும். அமெரிக்கா, கனடா, ஐரோப்பாவில் உள்ள ஒவ்வாமை மருத்துவர் சங்கங்கள் இதை வைத்து உணவை ஒதுக்க வேண்டாம் என்று எழுதியே வைத்திருக்கின்றன.

என் கதைக்கு வருகிறேன். கோதுமைதான் குற்றவாளி என்று முடிவுகட்டி நானே நிறுத்தினேன். ஐந்து மாதம் கழித்துப் போனபோது மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "கோதுமை சாப்பிட்டுக்கொண்டுதானே இருக்கிறீர்கள்?" சீலியாக்கைக் கண்டுபிடிக்கும் டிடிஜி ரத்தப் பரிசோதனை, குளூட்டன் உடலுக்குள் போய்க்கொண்டிருந்தால்தான் சரியாகக் காட்டும். முன்பே நிறுத்திவிட்டால் நோய் இருந்தாலும் இல்லை என்று வரலாம். ஆறு வாரம் தினமும் இரண்டு வேளை கோதுமை சாப்பிட்டுவிட்டு ரத்தம் கொடுத்தேன். சீலியாக் இல்லை. மலத்தில் கால்ப்ரோடெக்டின் பார்த்தார்கள், அது குடலில் அழற்சி இருந்தால் ஏறும். எனக்கு ஏறவில்லை.

அப்புறம் ஒரு நோட்டு போட்டேன். சாப்பிட்ட நேரம், என்ன, எவ்வளவு, வயிறு எத்தனை மணிக்கு உப்பியது, அவ்வளவுதான். நான்கு பக்கம் எழுதிய பிறகுதான் கண்ணில் பட்டது. மதியம் மூன்று மணிக்கு வயிறு உப்பினால் மதியச் சாப்பாட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த நாட்களில் எல்லாம் காலை எட்டு மணிக்கே வெங்காயமும் பூண்டும் உள்ளே போயிருந்தன. சாப்பிட்டது பெருங்குடலை எட்டப் பல மணி நேரம் ஆகும். இரண்டு துண்டு ரொட்டி தனியாகப் போனால் ஒன்றும் செய்யாது, வதக்கிய வெங்காயத்தோடு போனால் இரவு வரை வயிறு இறுகும். வெங்காயம், பூண்டு, கோதுமை மூன்றிலும் ஃபிரக்டன் என்ற சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. மனிதக் குடலில் அதை உடைக்க நொதியே கிடையாது. நான் குளூட்டன்மேல் போட்ட பழி அதற்குத்தான் உரியது.

இது என் ஒருத்தியின் கதை மட்டும் இல்லை. 2018இல் நார்வே ஆய்வு ஒன்று வந்தது. சீலியாக் இல்லாமல், தாங்களாகவே குளூட்டனை விட்ட 59 பேர். எதில் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் குளூட்டன், ஃபிரக்டன், இரண்டும் இல்லாதது என மூன்று வகைச் சிற்றுண்டிக் கட்டிகளை வாரத்துக்கு ஒரு வகையாகக் கொடுத்தார்கள். ஃபிரக்டன் வாரத்தில்தான் தொல்லை அதிகம்.

கொடிமல்லி அக்கா, உங்கள் முட்டி வலி குறைந்ததில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அந்தக் காய்கள் மூட்டில் அழற்சி உண்டாக்கும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. ஏற்கெனவே 6 கிலோ இழந்தவரை இன்னும் மூன்று காய்களை விடச் சொல்வது எனக்குப் பயமாக இருக்கிறது. நார்ச்சத்து குறையக் குறைய, குடல் சுவருக்கு உணவாகும் பியூட்டிரேட்டைத் தயாரிக்கும் பாக்டீரியாவும் பட்டினி கிடக்கும்.

காலைவெயில், எடை குறைந்ததையும் விரல் வலியையும் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். காலையில் விரல்கள் அரைமணிக்கு மேல் விறைப்பாக இருந்தால் அதைத் தனியாகவே சொல்லுங்கள். முடக்குவாதம் போன்றவற்றுக்கு உணவை மாற்றிக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

காலைவெயில்:

படித்ததும் கண் கலங்கிவிட்டது அக்கா. மறுபடியும் கோதுமை சாப்பிட வேண்டுமா? நினைத்தாலே பயமாக இருக்கிறது. பால் முழுக்க விட வேண்டுமா?

நீலக்குடை:

பயம் புரிகிறதும்மா. கோதுமை சாப்பிடச் சொல்வது சீலியாக் ரத்தப் பரிசோதனை சரியாகக் காட்டுவதற்காகத்தான். மருத்துவரிடம் பேசிவிட்டு, அவர் சொல்லும் அளவில் தொடங்குங்கள். தாங்க முடியாவிட்டால் அவரையே கூப்பிடுங்கள், நடுவில் நீங்களாக நிறுத்த வேண்டாம். உதடு வீக்கம், மூச்சுத் திணறல் எப்போதாவது வந்த உணவு ஏதும் பட்டியலில் இருந்தால் அதை மட்டும் வீட்டில் சோதிக்காதீர்கள்.

பாலில் லாக்டோஸ் சேராதவர்களிலும் பெரும்பாலோர் ஒரு வேளைக்கு 12 கிராம் வரை, அதாவது ஏறக்குறைய ஒரு டம்ளர் பால், பெரிய தொல்லை இல்லாமல் தாங்குகிறார்கள். நீங்கள் அரை டம்ளரில் ஆரம்பிக்கலாம், வெறும் வயிற்றில் வேண்டாம். தயிர் இன்னும் சுலபம். முட்டையில் லாக்டோஸும் இல்லை, ஃபிரக்டனும் இல்லை. அதனால் அதை முதலில் திரும்பக் கொண்டுவாருங்கள், மூன்று நாள் இடைவெளி விட்டு அடுத்தது.

பூண்டு வாசம் இல்லாமல் சாப்பிட முடியாது என்றால் எண்ணெயில் பல்லைப் பொரித்து எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் சமையுங்கள். ஃபிரக்டன் தண்ணீரில்தான் கரையும், எண்ணெயில் இறங்காது. அன்றன்றைக்குச் செய்துகொள்ளுங்கள், எடுத்து வைத்துப் பயன்படுத்த வேண்டாம்.

ரத்தம் கொடுக்கும் அன்று எத்தனை வாரமாகக் கோதுமை சாப்பிடுகிறீர்கள் என்று சீட்டிலேயே குறிக்கச் சொல்லுங்கள். முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள், காத்திருக்கிறேன்.