காலைப் பார்க்காமலே மாத்திரை எழுதிவிட்டார்கள், என்ன செய்வது?

கேள்வி:
பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். அம்மாவுக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. களத்தில் ராகி அடிக்கும்போது கால் கட்டைவிரலடியில் முள் ஏறியிருக்கிறது. வலியே தெரியவில்லை என்கிறார். கிளினிக்கில் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். டாக்டர் செருப்பைக் கழற்றச் சொல்லவே இல்லை, மாத்திரைச் சீட்டு மட்டும் கொடுத்தார். இன்று புண்ணைச் சுற்றிக் கறுத்திருக்கிறது. மனசு பதறுகிறது.

பதில் 1:
காத்திருக்காதீர்கள். வலி தெரியாததுதான் ஆபத்து, சர்க்கரையில் நரம்பு மரத்திருக்கும். இன்றே தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். வண்டி இல்லையென்றால் 108. என் அப்பாவுக்கு அங்கே மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். குதிகாலில் தொட்டது அவருக்குத் தெரியவே இல்லை.

பதில் 2:
சரியாகச் சொன்னார். அப்புறம், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அம்மா பெயரைக் கொடுங்கள். 2021இல் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கினார்கள். சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வரும்.

கேட்டவர்:
ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். நர்ஸம்மா கீழே உட்கார்ந்து, அம்மாவின் பாதத்தைத் தன் மடியில் வைத்துத்தான் துடைத்தார். அம்மா அழுதுவிட்டார்.