புதுப்பிப்பு: வேட்டைக்கு ஈய உருண்டையா, கூம்புக் குண்டா?

1858 ரெமிங்டன் என்ற பழைய அமெரிக்க ரிவால்வரின் நகலான என் .44 கரிமருந்து ரிவால்வருக்கு வேட்டையில் எந்தக் குண்டு ஒத்துவரும் என்று முன்பு கேட்டிருந்தேன். "முதலில் உருண்டையைப் பழகுங்கள், தம்பி" என்றார் டர்பனுக்கு அருகிலுள்ள டோங்காட் ஊர் அண்ணன் ஒருவர். பழகிவிட்டேன்.

25 மீட்டரில் 30 கிரெயின் (சுமார் 2 கிராம்) 3எஃப் என்ற பொடி மணி மருந்தும் .454 அங்குல உருண்டையும்தான் நெருக்கமாக விழுகின்றன. மருந்தைக் கூட்டினால் புகைதான் கூடுகிறது, குறி சிதறுகிறது. உருண்டையை ரிவால்வரின் சுழல் உருளையிலுள்ள அறைக்குள் அழுத்தும்போது மெல்லிய ஈய வளையம் சீவி வர வேண்டும். வந்தால்தான் அறை சரியாக அடைபட்டது என்று பொருள். மேலே ஆட்டுக்கொழுப்பும் தேன்மெழுகும் கலந்த பூச்சு. மருந்தைக் குறைக்கும்போது மிஞ்சும் இடத்தை ரவையால் நிரப்புகிறேன். சொஜ்ஜிக்கு வைத்திருந்ததை எடுத்ததற்கு வீட்டில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்!

கூம்புக் குண்டு கனமானது, ஆழமாகப் பாயும். ஆனால் மருந்துக்கான இடத்தைத் தின்றுவிடுகிறது. என் துப்பாக்கியில் நேராக அமரவும் மறுக்கிறது. மானை இதனால் சுடுவதாக இல்லை. 9 கிராம் உருண்டைக்கு முயலும் கினிக்கோழியும் போதும்.

டர்பன் ஈரக்காற்றில் மருந்துக் கசடு துப்பாக்கியை விரைவில் துருப்பிடிக்க வைத்துவிடுகிறது. சுட்ட அன்றே வெந்நீரும் சோப்பும் கொண்டு கழுவிவிடுகிறேன். அடுத்து 3எஃப்பை விடப் பருமணியான 2எஃப் மருந்தைப் போட்டுப் பார்க்கப்போகிறேன்.