எட்டாப்புப் பையனுக்கு முதல் கிட்டார்: நைலான் கம்பியா, ஸ்டீல் கம்பியா?

சமாதானபுரத்தான்
தங்கச்சி மகனுக்குக் கிட்டார் வாங்கணும். பாளையங்கோட்டையில எட்டாப்பு படிக்கான். இதுவரை எந்த வாத்தியமும் தொட்டதில்லை. ஞாயிறு ஆராதனையில பாட்டுக்கு வாசிக்கணும்னு ஆசை. கடையில யமஹா சி40, யமஹா எஃப்310 ரெண்டையும் காட்டுதாங்க. முதல்ல சொன்னது நைலான், அடுத்தது ஸ்டீல். எதை எடுக்க?

பொருநைக்கரை
நைலான்தான், யோசிக்கவே வேண்டாம். சாதாரண 12 நம்பர் கனமுள்ள ஸ்டீல் கம்பி செட்டோட மொத்த இழுவிசை 70 கிலோவுக்கு மேல. நைலான் செட் ஏறக்குறைய 40 கிலோதான். பதிமூணு வயசு விரலுக்கு இது பெரிய வித்தியாசம். புதுசா படிக்கிற பிள்ளைகள் முதல் மாசத்துலயே விட்டுட்டுப் போறதுக்கு விரல் நுனி வலி ஒரு பெரிய காரணம்.

இன்னொண்ணு நட்டோட அகலம், அதாவது கழுத்து உச்சியில கம்பிகள் உக்கார்ற பள்ளம் வெட்டின துண்டோட அகலம். நைலான்ல 52 மி.மீ., ஸ்டீல்ல 43 மி.மீ. சி கார்டு (கார்டுன்னா சேர்ந்து ஒலிக்கிற சுரங்கள்) பிடிக்கும்போது ஆள்காட்டி விரல் சாய்ஞ்சு முதல் கம்பியை, அதாவது ஆறுலயும் மெல்லிசானதை, அமுக்கிடும், சத்தமே வராது. கம்பிக்குக் கம்பி இடைவெளி கூடக்கூட அந்தத் தப்பு குறையும்.

ஊசிக்கோபுரம்
அண்ணாச்சி சொல்ற கணக்கு சரி, முடிவு சரியில்லை. பையன் எதுக்குப் படிக்கான்? ஆராதனையில பாட்டுக்கு வாசிக்க. பக்கத்துல கீபோர்டு போகும், அம்பது பேர் பாடுவாங்க. நைலான்ல பிக் (மீட்டுற சின்ன வில்லை) போட்டு ஸ்ட்ரம் பண்ணினா, அதாவது எல்லாக் கம்பியையும் ஒரே வீச்சுல அடிச்சா, மொத்தையாத்தான் கேக்கும், தாளம் தெறிக்காது. நைலான் விரலால மீட்டுறதுக்கு உள்ள வாத்தியம்.

அகலமான கழுத்து சின்னக் கைக்கு லேசுன்னு சொல்லுதீங்க. ஜி கார்டைப் பிடிச்சுப் பாக்கச் சொல்லுங்க. ஆறாம் கம்பி மூணாம் ஃப்ரெட்டுல (கழுத்துக்குக் குறுக்கே பதிச்ச உலோகக் கட்டம்) ஒரு விரல், முதல் கம்பி மூணாம் ஃப்ரெட்டுல ஒரு விரல். 52 மி.மீ. கழுத்துல குறுக்கே எட்டிப் பிடிக்கிறதுக்குள்ளே மணிக்கட்டு மடங்கிரும். எஃப்310-ல ஸ்கேல் நீளமும் (கம்பி அதிர்ற நீளம்) 634 மி.மீ.தான், சி40-ல 650. ஃப்ரெட்டுக்கு ஃப்ரெட்டு தூரமும் கொஞ்சம் குறையுது.

விரல் வலிக்கு ஸ்டீலைக் குத்தம் சொல்லாதீங்க. கடையில இருந்து வர்ற கிட்டார் நிறையத்துல ஆக்ஷன், அதாவது ஃப்ரெட்டுக்கு மேல கம்பி நிக்கிற உயரம், தூக்கலா இருக்கு. அதுதான் வலி.

பொருநைக்கரை
ஆக்ஷனைச் சரி பண்ண இங்க ஆள் எங்க இருக்கு? வாங்கினது வாங்கினபடியேதான் பிள்ளைகள் கையில போகுது. பெரியவங்க நாம இங்க மில்லிமீட்டர் பேசலாம், தனியா உக்காந்து அமுக்கப் போறது அவன். அதனாலதான் எடுத்த எடுப்பிலேயே வலிக்காததைக் குடுங்கன்னு சொல்லுதேன்.

முத்துநகர்
ரெண்டு பேரும் வாத்தியத்தை அளக்காமலே பேசுறீங்க. கிட்டார் ரிப்பேர் பார்க்கிறவன்ங்கிற முறையில சொல்றேன், ஆக்ஷனை வீட்டிலேயே சரிபண்ணலாம். விளிம்பிலேயே பூஜ்யம் தொடங்குற ஸ்டீல் ஸ்கேல் ஒண்ணு வேணும். பள்ளிக்கூட பிளாஸ்டிக் ஸ்கேல் ஆகாது, அதுல கோடு தொடங்குறதுக்கு முன்னாடி கொஞ்சம் வெறும் இடம் இருக்கும். சுருதி சேர்த்த பிறகு 12-ஆம் ஃப்ரெட்டோட மேல்தலையில இருந்து கம்பியோட அடிப்பக்கம் வரைக்கும் அளங்க. ஸ்டீல்ல ஆறாம் கம்பிக்கு 2.5, முதல் கம்பிக்கு 2 மி.மீ. இருந்தா நல்லது. நைலான்ல 4, 3 இருக்கும். அது இயல்புதான்.

கூடுதலா இருந்தா சாடிலை (உடம்புப் பக்கம் பிரிட்ஜ்ங்கிற கட்டை மேல கம்பி உக்கார்ற சின்னத் துண்டு) கழற்றி அடிப்பக்கத்தைத் தேய்க்கணும். 12-ஆம் ஃப்ரெட்டுல 1 மி.மீ. குறையணும்னா சாடில்ல 2 மி.மீ. எடுக்கணும். அந்த ஃப்ரெட் கம்பியோட நீளத்துக்கு நடுவுல இருக்கிறதால பாதிதான் இறங்கும். பென்சிலால கோடு போட்டு, கண்ணாடி மேல உப்புத்தாளை விரிச்சு, அதுல நிமிர்த்திப் பிடிச்சுத் தேயுங்க. அடி கோணலாச்சுன்னா சில கம்பி மங்கலாக் கேட்கும். கொஞ்சம் தேய்ச்சு, மாட்டி, அளந்து, மறுபடி தேய்ங்க. அதிகமா எடுத்துட்டா புதுச் சாடில்தான் வாங்கணும்.

நட்டையும் பாருங்க, இதை யாரும் பார்க்கிறதில்லை. ஒரு கம்பியை 2-ஆம் ஃப்ரெட்டுக்கும் 3-ஆம் ஃப்ரெட்டுக்கும் நடுவுல அமுக்கிட்டு முதல் ஃப்ரெட்டுக்கு மேல இடைவெளியைப் பாருங்க. ஒரு தாள் கனம் இருந்தாப் போதும். அதுக்கு மேல இருந்தா எஃப் கார்டு யாருக்கும் வராது, சி கார்டும் சுருதி ஏறிக் கேட்கும். சந்தேகம்னா முதல் ஃப்ரெட்டுல கேப்போ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அமுக்குற கவ்வி) போட்டு அதே கார்டைப் பிடிக்கச் சொல்லுங்க. சட்டுன்னு லேசாயிட்டா குத்தம் நட்டுல, பையன் மேல இல்லை. நட் பள்ளத்தைத் தோண்ட மட்டும் அதுக்குரிய அரம் வேணும், அதைத் தெரிஞ்சவர்கிட்ட விடுங்க.

செங்கோட்டைச் சாரல்
எந்தக் கிட்டார் ஆனாலும் காத்தைப் பாத்து வைக்கணும். ஆடியில எங்க பக்கம் சாரல். மரம் ஈரம் குடிச்சு முகப்புப் பலகை உப்பும், ஆக்ஷன் ஏறும். அதே ஆடியில திருநெல்வேலிப் பக்கம் மேற்குக் காத்து காய்ச்சி எடுக்கும். பலகை இறங்கிக் கம்பி இரையும், ஃப்ரெட் முனை ஓரத்துல நீட்டிக் கையில உரசும். ஐப்பசி கார்த்திகை மழையில அங்கேயும் ஏறிரும். அதனால ஒரு தடவை அளந்தோம் முடிஞ்சதுன்னு விடக்கூடாது. கத்திரி வெயில்ல பூட்டின கார்ல வச்சுட்டுப் போகவே கூடாது, கோந்து இளகி பிரிட்ஜ் கிளம்பிரும். பிரிட்ஜோட பின் ஓரத்துல தாள் நுழையுதுன்னா உடனே கம்பியை எல்லாம் தளர்த்திருங்க.

முத்துநகர்
எங்க ஊர் உப்புக் காத்துல சாதாரண ஸ்டீல் கம்பி சீக்கிரம் கறுத்துப்போகும். வாசிச்சு முடிச்சதும் காய்ஞ்ச பருத்தித் துணியால கம்பியோட அடியிலயும் துடைக்கணும். பூச்சுப் போட்ட கம்பி விலை கூடுதல், ஆனா கடலோரத்துக்கு அதுதான் லாபம்.

பொருநைக்கரை
முத்துநகர் சொல்றது எனக்குத்தான் சாதகம். இவ்வளவு அளவும் தேய்ப்பும் துருவும் ஸ்டீலோட வர்ற தொல்லை. மூணு மெல்லிய நைலான் கம்பிக்குத் துரு பிடிக்குமா?

ஊசிக்கோபுரம்
பிடிக்காது. ஆனா புது நைலான் ஒரு வாரத்துக்கு நீண்டுக்கிட்டே இருக்கும், உக்காரும்போதெல்லாம் சுருதி சேர்க்கணும். சுருதியே காதுல பதியாத பையனுக்கு அது தொல்லை இல்லையா? நைலானே வேணும்னு வாங்குனீங்கன்னா ஒரு எச்சரிக்கை. அதுல ஸ்டீல் செட்டை ஒருநாளும் மாட்டிராதீங்க, பிரிட்ஜைப் பிடுங்கிரும்.

சின்னக் கைக்கு ஸ்டீல்லயே வழி இருக்கு. 12 நம்பருக்குப் பதிலா அதைவிட மெல்லிசான 10 நம்பர் செட் போடுங்க. அதுக்கு மேலயும் வலிச்சா ஆறு கம்பியையும் ஒரு முழு சுரம் இறக்கிட்டு ரெண்டாம் ஃப்ரெட்டுல கேப்போ போடுங்க. இழுவிசை ஐந்துல ஒரு பங்கு குறையும், சுருதி பழைய இடத்துக்கே வந்துரும், ஃப்ரெட்டும் நெருங்கி வரும். விரலை ஃப்ரெட்டுக்கு ஒட்டிப் பின்னால வைக்கச் சொல்லுங்க. நடுவுல வச்சா கூடுதலா அமுக்க வேண்டியிருக்கும், அப்பவும் இரையும்.

பாட்டுக்கு ஜி, சி, டி, ஈ மைனர் நாலும் முதல்ல போதும். ஜி-யை மோதிர விரல் ஆறாம் கம்பி, நடுவிரல் அஞ்சாம் கம்பி, சுண்டு விரல் முதல் கம்பின்னு பிடிக்கப் பழக்குங்க. சி-க்குப் போகும்போது மோதிர விரலும் நடுவிரலும் அதே வடிவத்துல ஒரு கம்பி தள்ளி உக்காரும், ஆள்காட்டி மட்டும் புதுசா வரும். பாடுறவங்க கட்டையை (பாடுற சுருதியை) மாத்தினாலும் பயமில்லை. ஜி வடிவம் அப்படியே அஞ்சு கட்டை. ஒண்ணுல கேப்போ போட்டா அஞ்சரை, ஆறுல போட்டா ஒன்றரைக் கட்டை. எஃப் கார்டு இல்லாமலே காலம் ஓடும்.

பொருநைக்கரை
கார்டுல தொடங்கினா காது வளராது. முதல் மூணு ஃப்ரெட்டுக்குள்ளே சங்கராபரணத்தை ஏத்தி இறக்கி வாசிக்கட்டும், பிறகு கார்டு. ஒத்தைக் கம்பி வாசிப்புக்கு நைலான் போல மெத்துன்னு எதுவும் இல்லை. இதுல நான் மாறப்போறதில்லை.

ஊசிக்கோபுரம்
ஸ்வர வரிசை தினம் அஞ்சு நிமிஷம் இருக்கட்டும், அதை ஒத்துக்கிடுதேன். ஆனா வலது கை நிக்காம நாலு அடி அடிக்கிற பழக்கம் முதல் வாரத்துலயே வரணும். கார்டு மாறலைன்னாலும் கை நிக்கக்கூடாது. ரெண்டு கார்டுக்கு நடுவுல ஒரு நிமிஷத்துல எத்தனை தடவை மாறுதுன்னு எண்ணச் சொல்லுங்க. முப்பது வந்தா பாட்டுல கோக்கலாம். காலையில பதினஞ்சு, சாயங்காலம் பதினஞ்சு நிமிஷம் போதும். குளிச்ச கையோட வாசிக்க வேண்டாம், ஊறின தோல் கிழியும்.

சமாதானபுரத்தான்
ரெண்டு அண்ணாச்சிமாருக்கும் நன்றி. பையனோட ஆசை ஆராதனைப் பாட்டுங்கிறதால எஃப்310 எடுக்கலாம்னு இருக்கேன். கடையிலேயே 10 நம்பர் செட் மாட்டித் தரச் சொல்லலாமா?

முத்துநகர்
சொல்லலாம். மாட்டின ரெண்டு நாள் கழிச்சு முதல் மூணு ஃப்ரெட்டுல இரைச்சல் வருதான்னு பாருங்க. இழுவிசை குறைஞ்சா கழுத்து நிமிர்ந்துரும். வந்தா சவுண்ட் ஹோலுக்குள்ளே இருக்கிற, கழுத்து வளைவைச் சரிபண்ற ட்ரஸ் ராடை இடப்பக்கமா (கடிகார முள்ளுக்கு எதிரா) கால் சுத்து மட்டும் தளர்த்தி, ஒரு ராத்திரி விட்டுட்டு மறுபடி பாருங்க. முதல் கம்பியை முறுக்கும்போது கவனம் வேணும். ட்யூனர் ஈ-ன்னு மட்டும்தான் காட்டும், எந்த ஈ-ன்னு சொல்லாது. 330 ஹெர்ட்ஸ் பக்கத்துல நிக்கணும். அதைத் தாண்டி மேல் ஈ-யைத் தேடிப்போனா கம்பி அறுந்து முகத்துல அடிக்கும், அதனால முறுக்குறப்போ தலையைக் கிட்ட கொண்டுபோகாம இருக்கச் சொல்லுங்க.