மியாட்டாவில் கே24: எந்த மவுண்ட் போடலாம்?

வணக்கம் நண்பர்களே. முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5 (மியாட்டா) காரில் ஹோண்டா கே24 எஞ்சினை ஏற்றும் வேலையில் இருக்கிறேன். ஹோண்டாவில் குறுக்காக உட்கார்ந்த எஞ்சின் இங்கே நெடுக்காக உட்காருவதால் எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் பழைய மவுண்ட் எதுவும் உதவாது. பிராக்கெட்டை நானே வெல்டு செய்துகொள்வேன், அதற்குள் அதிர்வை வாங்கிக்கொள்ளும் புஷ்தான் குழப்பம்.

ரப்பர் போட்டால் அதிர்வு குறையும். ஆனால் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் எஞ்சின் ஒரு பக்கம் தூக்கும். எக்சாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் ஸ்டீயரிங் ஷாஃப்டுக்கும் நடுவே விரல் நுழையும் இடம்கூட இல்லை. பாலியூரித்தேன் என்றால் கடினத்தன்மை 75ஏ போதுமா, இன்னும் கெட்டியான 95ஏ வேண்டுமா? தினமும் ஓட்டும் கார், எப்போதாவது ரேஸ் டிராக். புஷ்ஷே இல்லாத சாலிட் மவுண்ட் வேண்டவே வேண்டாம், பல் ஆடிவிடும்.

அப்புறம், எஞ்சினுக்குக் கெட்டியான பாலியும் கியர்பாக்ஸுக்கு மெத்தென்ற ரப்பரும் கலந்து போட்டால் முறுக்கு விசை கியர்பாக்ஸ் உறையில் இறங்கி விரிசல் விடும் என்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே கடினத்தன்மை வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஐடிலில் ஸ்டீயரிங் எவ்வளவு நடுங்குகிறது? மேனிஃபோல்டு சூட்டில் பாலி இளகாமல் இருக்க வெறும் தகடு மறைப்பு போதுமா? மவுண்ட் இருக்கும் இடம் தெரிகிற மாதிரி படம் போட்டால் பெரிய உதவி.