வாழை மஞ்சளாகி மட்டை தொங்குகிறது, என்ன மருந்து விடுவது? அவசரம்

பூலாம்பட்டி_தோட்டம்:
வணக்கம். வாழையில் அடி இலை மஞ்சளாகி மட்டை மடிந்து தொங்குகிறது. முதலில் இரண்டு மரம், இன்று எண்ணினால் பதினொன்று. கடையில் கொடுத்த மருந்தை ஊற்றியும் பலனில்லை. யாராவது உடனே சொல்லுங்கள்.

ஆத்தூர்_விவசாயி:
என்ன ரகம்? எத்தனையாவது மாதம்? ஊற்றியது என்ன மருந்து? வாய்க்கால் பாசனமா, சொட்டுநீரா?

மஞ்சள்காட்டுக்காரன்:
பொட்டாஷ் குறைவுதான் அண்ணா. போன வருடம் எனக்கும் இப்படித்தான் அடி இலையின் ஓரம் காய்ந்தது. பொட்டாஷ் வைத்த பிறகு வந்த இலையெல்லாம் நன்றாக வந்தது.

வாழப்பாடி_பூவன்:
தண்டுக் கூன்வண்டாக இருக்கும். தண்டில் சிறு துளைகளும் அதில் பிசின் வடிந்த தடமும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கிழங்கு_வைத்தியர்:
ரகமும் மாதமும் சொல்லாமல் மருந்து கேட்காதீர்கள் என்று இங்கே எத்தனை முறை எழுதிவிட்டேன்! ஆளைக் காட்டாமல் மாத்திரை கேட்டால் எந்த மருத்துவர் கொடுப்பார்? பொட்டாஷ் என்பவருக்கும் ஒன்று சொல்கிறேன். சத்துக் குறைந்தால் இலை நடு நரம்பில் வளைந்து ஒடியும். வாடல் நோயில் மட்டை காம்போடு மடிந்து, மரத்துக்குப் பாவாடை கட்டியதுபோல் சுற்றித் தொங்கும். இரண்டும் ஒன்றல்ல.

பூலாம்பட்டி_தோட்டம்:
மன்னிக்க வேண்டும் ஐயா, பதற்றத்தில் விட்டுவிட்டேன். ரஸ்தாளி, ஏழாவது மாதம், வாய்க்கால் பாசனம். கன்று பக்கத்துத் தோட்டத்தில் எடுத்தது. மருந்து டப்பா குப்பையில் போய்விட்டது. தண்டில் துளை இல்லை, ஆனால் அடித்தண்டு நீளவாக்கில் வெடித்திருக்கிறது.

கிழங்கு_வைத்தியர்:
ரஸ்தாளி என்பதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். வாடல் நோய் முதலில் தேடி வருவதே ரஸ்தாளியைத்தான். ஒரு மரத்தைத் தோண்டிக் கிழங்கைக் குறுக்கே வெட்டுங்கள். வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் செம்பழுப்பு வளையமோ புள்ளிகளோ தெரிந்தால் அது வாடல்தான். நோய் விழுந்த மரத்துக்கு மருந்து கிடையாது. வேரோடு எடுத்து எரித்துவிட்டுக் குழிக்கு 1 முதல் 2 கிலோ சுண்ணாம்பு போடுங்கள். சுற்றியுள்ள நல்ல மரங்களைக் காப்பாற்ற, லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் கார்பென்டாசிம் என்ற பூஞ்சணக்கொல்லி கலந்து, மரத்துக்கு 3 மில்லி வீதம் கிழங்கில் ஊசி போடுங்கள். நோய்ப்பட்ட மரத்தடியில் பாய்ந்த தண்ணீர் அடுத்த பாத்திக்குப் போகக் கூடாது.

ஏற்காடு_காப்பி:
அடுத்த முறை மலைக்கன்று வாங்கி நடுங்கள். எங்கள் காப்பித் தோட்டத்து வாழையில் இந்த நோயே கிடையாது.

வாழப்பாடி_பூவன்:
மலைக்கன்று என்றாலே நோயில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? சிறுமலையிலும் கீழ்ப்பழனியிலும் விருப்பாட்சி வாழையை முடிக்கொத்து நோய் அழித்த கதை தெரியாதா? நுனி இலைகள் கொத்தாகச் சுருங்கும் வைரஸ் நோய் அது. அசுவினிப் பூச்சி பரப்பும், கன்றோடும் வரும்.

ஏற்காடு_காப்பி:
நான் சேர்வராயன் மலையைச் சொல்கிறேன், நீங்கள் திண்டுக்கல்லைச் சொல்கிறீர்கள். என் தோட்டத்தை வந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

வாழப்பாடி_பூவன்:
உங்கள் தோட்டம் நன்றாக இருக்கட்டும், மகிழ்ச்சி. அதை வைத்து ஒரு மலைக்கே சான்றிதழ் கொடுக்காதீர்கள். முடிக்கொத்து நோயின் அடையாளமான கரும்பச்சைக் கோடு இலைக்காம்பில் இருக்கிறதா என்று பார்க்காமல் யாரும் கன்று வாங்கக் கூடாது. எந்த மலையானாலும் சரி.

மஞ்சள்காட்டுக்காரன்:
கேட்டவரை மறந்துவிட்டு மலைக்குப் போய்விட்டீர்களே! அண்ணா, வெட்டிப் பார்த்தீர்களா?

பூலாம்பட்டி_தோட்டம்:
வெட்டினேன். செம்பழுப்பு வளையம் அப்படியே இருக்கிறது. இன்னும் மூன்று மரம் வாடிவிட்டது, பதினான்கையும் எடுத்து எரித்தாயிற்று. நாளை சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்குக் கிழங்குத் துண்டோடு போகிறேன். அனைவருக்கும் நன்றி.

ஆத்தூர்_விவசாயி:
நல்லது. தோண்டிய மண்வெட்டியை நன்றாகக் கழுவினீர்களா? அதே மண்ணோடு நல்ல மரத்துப் பக்கம் போகாதீர்கள். வாடலை உண்டாக்கும் பூஞ்சணம் மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும், மீண்டும் அங்கே ரஸ்தாளி வைக்காதீர்கள். பூவன் ஓரளவு தாங்கும்.

ஆத்தூர்_விவசாயி:
அண்ணா, சந்தியூரில் என்ன சொன்னார்கள்?