கிணற்றில் கிடைத்த சாம்பல் நிறக் கல்: மாலிப்டினம் என்கிறார்கள், இது எதற்கு ஆகும்?

அரூர்க்காரன்:
மச்சான் காடு அரூருக்கும் ஊத்தங்கரைக்கும் நடுவில் இருக்கிறது. போன மாதம் கிணற்றை ஆழப்படுத்த வெடி வைத்தபோது வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) துண்டுகள் வந்தன, அதில் ரெண்டு மூணு துண்டில் தகடு தகடாக, ஈயம் மாதிரி மினுக்கிக்கொண்டு ஒரு சாமான் ஒட்டியிருக்கிறது. நகத்தால் சுரண்டினால் உதிர்கிறது, விரலெல்லாம் பென்சில் தேய்த்த மாதிரி ஆகிவிட்டது. காக்காப்பொன் என்று பையன்கள் சொன்னார்கள். ஆனால் நிலத் தரகர் ஒருத்தர் வந்து பார்த்துவிட்டு, "இது மாலிப்டினம், பிளாட்டினத்துக்குத் தம்பி, கோடிக்கணக்கில் போகும், என்னோடு ஒரு அக்ரிமென்ட் போட்டுக்கோங்க" என்கிறார். மச்சானுக்கு மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அப்படி ஒரு உலோகம் உண்டா, அதை வைத்து என்ன செய்கிறார்கள்?

பாறைப்பித்தன்:
முதலில் மச்சானைத் தூங்கச் சொல்லுங்க. பிளாட்டினத்துக்கும் இதற்கும் பெயரில் ஓசை ஒத்துப்போவதைத் தவிர உறவு கிடையாது.

ஆனால் தரகர் சொன்ன பெயர் சரியாகவே இருக்கலாம். உங்கள் பக்கம் மாலிப்டினம் இருப்பது ஜியாலஜிகல் சர்வே ஆட்களுக்கு ரொம்ப காலமாகத் தெரியும், ஆழ்துளை போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2023 நவம்பரில் மத்திய அரசு முக்கியக் கனிமங்களுக்கு முதல் சுற்று ஏலம் அறிவித்தபோது இருந்த 20 பிளாக்குகளில் (சுரங்கப் பகுதிகளில்) நொச்சிப்பட்டி, வேலம்பட்டி, மருதிப்பட்டி என்று நம்ம பக்கத்து ஊர்ப் பெயர்களும் இருந்தன, எல்லாம் மாலிப்டினத்துக்குத்தான்.

மாலிப்டினம் இருக்கும் தாதுவான மாலிப்டினைட் என்ற கனிமத்தை, பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டோடு குழப்பிக்கொள்வது பழைய கதை. கிரேக்க மொழியில் ஈயத்தின் பெயர்தான் இதற்கும் வந்தது, ஈயத் தாது, கிராஃபைட், இது என்று கையில் கறுப்பாக ஒட்டிய எல்லாவற்றுக்கும் அப்போது ஒரே பெயர். 1778இல் ஷீலே என்ற ஸ்வீடன் வேதியியலாளர்தான் இது வேறு என்று பிரித்துக் காட்டினார், மூன்று வருஷம் கழித்து யெல்ம் என்பவர் உலோகத்தைத் தனியாக எடுத்தார். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். வெள்ளைப் பீங்கான் தட்டில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், கிராஃபைட் என்றால் வெறும் கறுப்பு, மாலிப்டினைட் என்றால் லேசாகப் பச்சை ஓடும். எடையும் காட்டிக்கொடுக்கும், ஒரே அளவுத் துண்டு கிராஃபைட்டைப் போல இரண்டு மடங்கு கனக்கும்.

ஓசூர் டூல்ரூம்:
பயன் என்ன என்று கேட்டீர்களே, அதற்கு நான் வருகிறேன். எங்கள் வயர்கட் மெஷினில் தினமும் ஓடுவதே மாலிப்டினம் கம்பிதான், 0.18 மில்லி தடிமன், தலைமுடியைப் போல இரண்டு மடங்கு தடி இருக்கும், அவ்வளவுதான். ரீலில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டே மின்பொறியால் டை (அச்சு) செய்யும் ஸ்டீலை வெட்டும். பித்தளை வயரை ஒருதடவை ஓட்டிவிட்டுத் தூக்கிப்போட வேண்டும், இதைத் திரும்பத் திரும்ப ஓட்டலாம், ஏனென்றால் உருக 2600 டிகிரிக்கு மேல் வேண்டும், அந்த இழுவையையும் தாங்கும். அறுந்தால் மட்டும் திரும்பக் கோர்ப்பதற்குள் உயிர் போய்விடும், நைட் ஷிஃப்டில் கேட்கவே வேண்டாம்.

ஆனால் கம்பியாகப் போவதெல்லாம் கொசுறு. பெரும்பகுதி ஸ்டீலுக்குள்தான் போகிறது. லேத் வைத்திருப்பவர்களுக்கு ஈஎன் 24 என்ற ஸ்டீல் தெரியும், அதில் கால் சதவீதம் மாதிரிதான் மாலிப்டினம், ஷாஃப்ட்டைக் கடினப்படுத்தும்போது உள்வரைக்கும் கடினம் இறங்க அதுவும் ஒரு காரணம். ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டிரில் பிட்டில், எம்2 கிரேடு என்றால், 5 சதவீதம் இருக்கும். முன்பு டங்ஸ்டன் 18 சதவீதம் போட்டுத்தான் அந்த ஸ்டீல் செய்வார்கள், இரண்டாம் உலகப் போரில் டங்ஸ்டனுக்குத் தட்டுப்பாடு வந்ததும் மாலிப்டினத்துக்கு மாறியவர்கள் அப்புறம் திரும்பவே இல்லை. எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 304க்கும் 316க்கும் விலை ஏன் அவ்வளவு வித்தியாசம் என்று பலபேர் கேட்பார்கள். நிக்கல் கொஞ்சம் கூட, அதோடு 316இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம், உப்புத் தண்ணீரில் புள்ளி புள்ளியாக அரிக்காமல் காப்பது அதுதான்.

உங்கள் விரலில் ஒட்டிய அதே சாமானை அரைத்துத்தான் மாலி கிரீஸ் செய்கிறார்கள். கல்குவாரியில் ஜேசிபியின் மூட்டுகளில் இருக்கும் பின்களுக்கு அடிக்கிற கறுப்புக் கிரீஸ் பார்த்திருப்பீர்கள். சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கடுக்காக இருப்பதால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும், எண்ணெய் பிதுங்கி வெளியே போனாலும் அது ஒட்டிக்கொண்டு நிற்கும்.

அரூர்க்காரன்:
தேய்த்துப் பார்த்தேன் அண்ணா, பீங்கான் தட்டில் பச்சை தெரிகிறது! அப்போ கோடி உண்மைதானா?

பாறைப்பித்தன்:
கல் உண்மை, கோடி பொய். நம்ம பக்கத்துப் பாறையில் சராசரியாகப் பார்த்தால் ஒரு டன்னுக்கு ஒரு கிலோ மாலிப்டினைட்கூடத் தேறாது. கையில் இருக்கும் துண்டில் மினுக்குகிறது என்பதற்காகக் காடு முழுக்க அப்படியே இருக்கும் என்று நினைக்கக் கூடாது. சிலி, பெரு மாதிரி நாடுகளில் செம்புச் சுரங்கத்தில் கூடவே கிடைத்துவிடுகிறது, தோண்டும் செலவைச் செம்பு பார்த்துக்கொள்கிறது, நமக்கு அந்த வசதி இல்லை. அங்கே கிடைக்கும் மாலிப்டினைட்டை வறுக்கும் புகையிலிருந்துதான் ரீனியம் என்ற, இதைவிடப் பல மடங்கு அரிதான உலோகத்தையும் பிடிக்கிறார்கள், ஜெட் எஞ்சின் பிளேடுக்குப் போகிறது. அது வேறு கதை.

இன்னொன்று, அரசிடம் சுரங்கக் குத்தகை இல்லாமல் யாரும் இதைத் தோண்டி விற்க முடியாது, தரகரும்தான். அக்ரிமென்ட் பேச்சை விடுங்க. கலெக்டர் ஆபீஸில் கனிமவளத் துறை இருக்கிறது, ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

கடலைக்காடு:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், மாலிப்டினம் என்றதும் நான் கடலைச் செடிக்கு என்று நினைத்துத்தான் உள்ளே வந்தேன். வேர் முடிச்சில் இருக்கும் பாக்டீரியா காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்க இது இல்லாமல் முடியாது, விதை நேர்த்தியில் அமோனியம் மாலிப்டேட் கிராம் கணக்கில் சேர்ப்பதுண்டு. அதற்காகக் கிணற்றுக் கல்லை இடித்து வயலில் போட்டுவிடாதீர்கள், அதிகமானால் அந்த வயலில் விளையும் தீவனத்தைத் தின்னும் மாட்டுக்குச் செம்புச் சத்து குறைந்து கழிச்சல் பிடிக்கும்.

அரூர்க்காரன்:
நல்லவேளை சொன்னீர்கள், மச்சான் ஏற்கெனவே ஒரு கூடைக் கல்லை மாட்டுக் கொட்டகை வாசலில்தான் கொட்டி வைத்திருக்கிறார். தரகருக்குப் போன் போட்டு, கனிமவளத் துறையில் காட்டப் போகிறோம், நீங்களும் வாங்க என்றேன். ரெண்டு நாளாக எடுக்கவே மாட்டேன் என்கிறார்.