கனடாவிலிருந்து வந்த தோரன்ஸ் டிடி-160: கொழும்பில் மெதுவாகச் சுற்றுகிறது, உறுமுகிறது. எதை முதலில் மாற்றுவது?

மரைன்_டிரைவ்:

எல்லோருக்கும் வணக்கம். டொரொன்டோவில் இருக்கும் மாமா வீடு மாறியபோது தன்னுடைய தோரன்ஸ் டிடி-160 டேர்ன்டேபிளை வெள்ளவத்தையில் இருக்கும் எனக்கு அனுப்பி வைத்தார். எழுபதுகளில் வாங்கிய சாமான், மூடியில்கூட ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது. அங்கே 120 வோல்ட் என்றபடியால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபோர்மர் வாங்கி, அதன் மேலேயே டேர்ன்டேபிளின் பிளக்கைக் குத்தியிருக்கிறேன். அப்பாவின் பழைய ஜப்பான் அம்ப்ளிஃபையரும் ஒரு சோடி சின்ன ஸ்பீக்கரும் ஏற்கனவே வீட்டில் இருக்கின்றன.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். எந்தத் தட்டைப் போட்டாலும் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவு மெதுவாகத்தான் சுற்றுகிறது. அப்பா சேர்த்த கர்நாடக இசைத்தட்டு ஒன்றைப் போட்டேன், பாடகி கிட்டத்தட்ட ஆண்குரலில் பாடுகிறார். அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, “ஆரடி இந்தாள்?” என்று கேட்டார்.

இரண்டாவது, அம்ப்ளிஃபையரில் ‘ஃபோனோ’ என்று எழுதிய துவாரத்தில் குத்தினால் பாட்டுக்கு மேலாக ஒரு உறுமல். அது தாங்காமல் ‘ஓக்ஸ்’ துவாரத்துக்கு மாற்றினேன். உறுமல் போனது, கூடவே பாட்டும் போனது போலத்தான்: சத்தம் மிகக் குறைவு, மிருதங்கத்தில் தொப்பிப் பக்கமே (அடிச்சத்தம் தரும் இடது பக்கம்) கேட்கவில்லை.

கடையில் கேட்டால் புது கார்ட்ரிட்ஜும் (ஊசி பூட்டிய சின்னப் பாகம்) தனி ப்ரீஅம்ப்பும் (முன்பெருக்கிப் பெட்டி) வாங்கச் சொல்கிறார்கள். கூட வேலை செய்பவர், மோட்டாரிலிருந்து தட்டைச் சுற்றுகிற ரப்பர் பெல்ட்தான் என்று அடித்துச் சொல்கிறார். எல்லாவற்றையும் ஒரேயடியாக வாங்க வசதியில்லை. எதில் தொடங்குவது?

பாஸ்_பிரியன்:

பெல்ட் தான் அக்கா, சந்தேகமே வேண்டாம். அத்தனை வருஷத்து ரப்பர் தளராமல் என்ன செய்யும்? கையோடு கார்ட்ரிட்ஜையும் மாற்றினால் நல்லது, ஓடியோ-டெக்னிக்கா ஏடி-விஎம்95இ போடுங்கள், நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். ஓக்ஸில் அடிச்சத்தம் குறைவென்றால் பாஸ் குமிழை முழுக்கத் திருப்பிப் பாருங்கள்.

பழைய_வால்வு:

பிள்ளை, காசை எடுத்து அலுமாரியில் வையுங்கள். தம்பி சொல்கிற கார்ட்ரிட்ஜ் நல்லதுதான், ஆனால் உங்கள் வருத்தத்துக்கு அது மருந்தில்லை.

முதலில் வேகம். பெல்ட் தளர்ந்தால் வேகம் அலையும்: நீட்டிப் பிடித்த சுரம் நடுங்கும், ஊசி வைத்ததும் இழுபடும். உங்களுடையதோ தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவாகக் குறைந்து நிற்கிறது. அது பெல்ட் செய்கிற வேலை இல்லை.

ட்ரான்ஸ்ஃபோர்மர் வோல்ட்டை மட்டும்தான் மாற்றும். கனடாவின் மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், நம்முடையது 50. அதை எந்த ட்ரான்ஸ்ஃபோர்மரும் தொடாது. டிடி-160இல் இருப்பது 16 துருவ சிங்க்ரொனஸ் மோட்டார், மின்சாரம் எத்தனை ஹேர்ட்ஸோ அதன்படிதான் சுற்றும். 60 ஹேர்ட்ஸில் நிமிடத்துக்கு 450 சுற்று, 50இல் 375. ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. ஆகவே 33⅓ சுற்று ஓட வேண்டிய தட்டு 27.8இல் ஓடுகிறது. சுருதிக் கணக்கில் ஏறக்குறைய மூன்று அரைச்சுரம் இறக்கம். 5 கட்டையில் பாடிய பாடகி உங்கள் வீட்டில் 3 கட்டையில் பாடுகிறார். உங்கள் அம்மா கேட்டது மிக நியாயமான கேள்வி.

நான் சொல்வதையும் நம்ப வேண்டாம், எண்ணிப் பாருங்கள். தட்டின் ஓரத்தில் ஒரு சின்னக் காகிதத் துண்டை ஒட்டி, கைபேசிக் கடிகாரத்தை வைத்து மூன்று நிமிடம் எண்ணுங்கள். சரியான வேகமென்றால் 100 சுற்று. நான் சொல்வது உண்மையென்றால் உங்களுக்கு 83தான் வரும்.

தீர்வு, மோட்டார் தண்டில் இருக்கும் புல்லி, அதாவது பெல்ட் சுற்றி ஓடுகிற சின்ன உருளை. தோரன்ஸ் 50 ஹேர்ட்ஸ் நாடுகளுக்கு ஒரு புல்லியும் 60 ஹேர்ட்ஸ் நாடுகளுக்கு இன்னொன்றும் போட்டார்கள். நமக்கு வேண்டியது ஐந்தில் ஒரு பங்கு பெரிதாக இருக்கும். ஐரோப்பாவில் பழைய உதிரிப்பாகம் விற்பவர்களிடம் 50 ஹேர்ட்ஸ் என்று சொல்லிக் கேளுங்கள், அங்கே எல்லாமே 50தான். கார் உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையில் லேத்தில் கடைந்து தருகிறேன் என்று யாராவது சொல்வார்கள். காருக்கு வேண்டுமென்றால் அவர்களை அடிக்க ஆளில்லை. ஆனால் இந்தப் புல்லியின் விட்டம் நூற்றுக்கு ஒன்று பிசகினால் வேகமும் நூற்றுக்கு ஒன்று பிசகும், ஒரு அரைச்சுரத்தில் ஆறில் ஒரு பங்கு. வயலின் வாசிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் உடனே முகம் சுளிக்கும். புல்லி மாறினால் வோல்ட் மாறாது, ட்ரான்ஸ்ஃபோர்மரைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள்.

60 ஹேர்ட்ஸையே உண்டாக்கித் தருகிற மின்வழங்கிகளும் இருக்கின்றன. நல்ல வழிதான், ஆனால் புல்லியை விடச் செலவு. வீட்டில் கம்பியூட்டருக்கு வைத்திருக்கும் மலிவு யுபிஎஸ்ஸில் மட்டும் இதை ஓட்டிப் பார்க்க வேண்டாம். அது தருவது ஒழுங்கான சைன் அலை இல்லை, மோட்டார் கறகறக்கும்.

இனி ஓக்ஸ். தட்டை வெட்டும்போதே அடிச்சத்தத்தைக் குறைத்து, கீச்சொலியைக் கூட்டித்தான் வெட்டுவார்கள். இல்லாவிட்டால் பள்ளம் அகன்று ஒரு பக்கத்தில் பாதிப் பாட்டுத்தான் அடங்கும். 1954 முதல் அமெரிக்காவின் ஆர்ஐஏஏ என்ற இசைத்தட்டுத் தொழில் அமைப்பு வகுத்த வளைகோடு இதற்கு வழக்கில் இருக்கிறது: 1,000 ஹேர்ட்ஸோடு ஒப்பிட்டால் 20 ஹேர்ட்ஸ் ஏறக்குறைய 19 டெசிபல் கீழே, 20,000 ஹேர்ட்ஸ் ஏறக்குறைய அவ்வளவே மேலே. ஃபோனோ துவாரத்துக்குப் பின்னால் இருக்கும் சுற்று இதைத் தலைகீழாக்கி, கார்ட்ரிட்ஜ் தரும் நாலைந்து மில்லிவோல்ட்டையும் பெருக்கித் தரும். ஓக்ஸ் இரண்டையும் செய்யாது. பாஸ் குமிழைத் திருப்பினால் மிருதங்கம் வராது தம்பி, இரைச்சல்தான் வரும். அம்ப்ளிஃபையரிலேயே ஃபோனோ இருக்கும்போது தனிப் பெட்டி எதற்கு? உறுமலை நிறுத்தினால் போதும்.

சிவப்பு, வெள்ளை வயர்களோடு மெல்லிய வயர் ஒன்று தனியாகத் தொங்குகிறதா?

லூப்_வேட்டை:

ஐயா கடைசியில் கேட்டதுதான் முக்கியம். அந்த வயரை அம்ப்ளிஃபையரின் முதுகில் ‘ஜிஎன்டி’ (கிரவுண்ட், எர்த்) என்று எழுதிய திருகில் பிடித்து இறுக்குங்கள். பாதி உறுமல் அங்கேயே நிற்கும். வெள்ளவத்தைக் கடற்காற்றில் அந்தத் திருகு பச்சை பூத்திருக்கும், மெல்லிய உப்புத்தாளால் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டுப் பிடியுங்கள். துவாரங்களுக்கும் அதே வைத்தியம்தான், ஆனால் உப்புத்தாள் இல்லை, கொன்டாக்ட் கிளீனர்.

பிறகும் உறுமினால் தட்டைச் சுற்றவிடாமல் ஊசி இருக்கும் கையை (டோன்ஆர்ம்) மட்டும் மெதுவாக உள்ளே வெளியே நகர்த்துங்கள். நகர நகர உறுமல் கூடிக் குறைந்தால் பக்கத்தில் ஏதோ காந்தப்புலம் இருக்கிறது. உங்கள் ட்ரான்ஸ்ஃபோர்மர் எங்கே இருக்கிறது? அதே மேசையில் என்றுதான் நினைக்கிறேன்.

இன்னொன்று, இதைக் கோபமாகவே சொல்கிறேன். உறுமலை நிறுத்த அம்ப்ளிஃபையர் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றச் சொல்லி யாராவது வருவார்கள். வட்டப் பின்னைச் சதுரத் துவாரத்தில் குத்துகிற மலிவு அடப்டர்களில் சிலதில் எர்த் இணைப்பே இல்லை, அதுவும் அதே ஆபத்துதான். உறுமல் நிற்கலாம், ஆனால் உள்ளே ஒரு வயர் விட்டுப்போகிற அன்று அம்ப்ளிஃபையரின் உடம்பெல்லாம் கரண்ட்.

மரைன்_டிரைவ்:

ஐயா, எண்ணினேன். 83. அம்மாவும் கூட இருந்து எண்ணினார், அவருக்கு 84.

வயர் இருந்தது! பச்சை நிறம், கவடு போட்ட முனை. எதற்கென்று தெரியாமல் சுருட்டி டேப் ஒட்டி வைத்திருந்தேன். ஃபோனோவில் குத்தி அதைத் திருகில் பிடித்ததும் உறுமல் அடங்கிவிட்டது. மிச்சமிருந்த முணுமுணுப்பு, ட்ரான்ஸ்ஃபோர்மரை மேசையிலிருந்து கீழே இறக்கித் தள்ளி வைத்ததும் போனது. ஒரு சதம் செலவில்லை. மெதுவாக ஓடினாலும் தொப்பிப் பக்கம் இப்போது கேட்கிறது. புல்லிக்கு ஐரோப்பாவுக்கு எழுதியாயிற்று.

அது வரும்வரை இரண்டு கேள்வி. வீடு தொடர்மாடியில், காலி வீதிக்குக் கடல் பக்கம். கரையோர ரயில் போகும்போது கண்ணாடி அலுமாரி சிலுசிலுக்கும், ஊசிக்கு ஏதும் ஆகுமா? மற்றது, அப்பாவின் தட்டுகள் பலதில் வெள்ளைப் பூஞ்சணம். எப்படிக் கழுவுவது?

பழைய_வால்வு:

ரயிலை விட வீட்டில் நடக்கிறவர்களுக்குத்தான் பயப்பட வேண்டும். டிடி-160இல் இசைத்தட்டு வைக்கிற சுழல்தட்டும் டோன்ஆர்மும் மூன்று சுருள்வில்லில் தொங்குகின்றன. வேகமான அதிர்வை அவை விழுங்கிவிடும், ஆனால் யாராவது தொம்மென்று நடந்தால் சேர்ந்து ஆடும். மேசையை விட்டு, கட்டுச் சுவரில் பிரக்கெட் அடித்து ஒரு பலகை போடுங்கள். மாமா அனுப்பும்போது பயணத் திருகாணிகளை இறுக்கியிருந்தால் அவற்றைத் தளர்த்த மறக்க வேண்டாம், இறுக்கியபடி இருந்தால் சுருள்வில் இருந்தும் இல்லாத கணக்கு. சுழல்தட்டை விரலால் மெல்ல அமுக்கி விடுங்கள். நேராக மேலும் கீழும் ஆட வேண்டும். பக்கவாட்டில் நெளிந்தால் அடிப்பலகையைக் கழற்றி சுருள்வில்லின் நட்டுகளைச் சரிசெய்யலாம். அவசரமில்லை.

பூஞ்சணத்துக்கு பற்றரிக்கு ஊற்றுகிற வடிநீர், அதில் ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்பு, மென்மையான துணி. பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, வெறும் வடிநீரால் இன்னொரு முறை அலசி, நிழலில் நிறுத்திக் காயவிடுங்கள். நடு லேபல் நனையக் கூடாது. பழைய காகித உறையை எறிந்துவிடுங்கள், பூஞ்சணம் குடியிருப்பது அங்கேதான். அப்பாவின் தட்டுகளில் 78 சுற்றுத் தட்டு இருந்தால் அதில் அல்கஹோல் கலந்த எதையும் தொடவிடாதீர்கள், அரக்கு கரையும். இந்த ஊசியால் அதை வாசிக்கவும் முடியாது, அதன் பள்ளம் அகலம். டிடி-160இல் 78 வேகமும் இல்லை.

பழைய இந்திய எச்எம்வி தட்டுகள் நிறைய மோனோ. அம்ப்ளிஃபையரில் மோனோ பொத்தான் இருந்தால் அமுக்கிக் கேளுங்கள். மோனோவில் பாட்டு பக்கவாட்டு அசைவில் மட்டும்தான் இருக்கிறது, ஊசியின் மேல்கீழ் அசைவால் வருகிற பொரிச்சத்தம் அங்கே கழிந்துபோகும்.

தம்பி பாஸ்_பிரியன் கோபிக்க வேண்டாம், ஒரு விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன். மாமாவின் ஊசி எவ்வளவு ஓடியதென்று யாருக்கும் தெரியாது. தேய்ந்த ஊசி தட்டைத் தின்னும். புல்லி வந்து வேகம் சரியான பிறகு அந்த விஎம்95இ வாங்கி, 2 கிராம் பாரத்தில் வையுங்கள். சின்னத் தராசு ஒன்றும் வாங்குங்கள், டோன்ஆர்மில் இருக்கும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். பின்னால் ஆசை வந்தால் கார்ட்ரிட்ஜின் உடம்பை அப்படியே விட்டு இன்னும் கூர்மையான ஊசியை மட்டும் மாற்றலாம்.

புல்லி மாற்றிய அன்று 45ஐயும் எண்ணிப் பாருங்கள். மூன்று நிமிடத்துக்கு 135. அம்மா எண்ணினால் ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள்.